ஆள் ஏறாத சைடுகார்

சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள் மூன்று சக்கரங்களில் நிற்கிறது. ஆனால் 1988ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் அதை மூன்று சக்கர வண்டியாகக் கணக்கில் எடுப்பதில்லை. கழற்றக்கூடியதும் ஒரு கூடுதல் சக்கரம் உடையதுமான சைடுகாரையும் சேர்த்த இரு சக்கர வண்டியே மோட்டார் சைக்கிள் என்று அதன் வரையறை சொல்கிறது. தெருவில் எண்ணினால் மூன்று, ஏட்டில் இரண்டு. சட்டம் எழுதியவர்கள் இதில் தத்துவம் எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த வண்டியின் சங்கடம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. ஒருவர் தனக்கென்று வாங்கிய வண்டி. அதன் விலாவில் இன்னொருவருக்காக ஓர் இருக்கை. அந்த இருக்கையைப் பூட்டிய பிறகும் முன்பு ஓடியதுபோல வண்டி ஓடுமா?

பின்சீட்டில் ஆள் ஏற்றுவதற்கு இந்தச் சிக்கல் கிடையாது. பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் முதுகைப் பார்த்தபடி, அவர் சாயும்போது சாய்ந்து, நிமிரும்போது நிமிர்ந்து வருகிறார். இறங்கிப் போனதும் வண்டி பழைய வண்டியாகிவிடுகிறது. சைடுகார் அப்படி இறங்கிப் போவதில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கூடவே வருகிறது.

பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்பது கடைசியாகத்தான் தோன்றியிருக்கிறது. மோட்டார் சைக்கிளின் தொடக்க ஆண்டுகளில் உடன் வருபவரைப் பின்னால் ஒரு சிறு இழுவண்டியில் உட்கார வைத்தார்கள். புழுதியும் புகையும் அவர் மேல்தான். முன்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நாற்காலி வைத்தும் பார்த்தார்கள். எது மோதினாலும் முதல் அடி அவருக்கு. 1903 ஜனவரியில் இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் இதழ் ஒன்றில், வண்டியின் பக்கவாட்டில் நாற்காலி பூட்டியதுபோல ஒரு கேலிச் சித்திரம் வந்தது. சில வாரங்களுக்குள் என்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த கிரஹாம் என்பவர் அதே யோசனைக்குத் தற்காலிகக் காப்புரிமை பெற்றார். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் பெயரும் அந்த ஊரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள் பலவற்றின் இடப்பக்கத்தில் பிற்காலத்தில் சைடுகார் ஏறியது.

1903க்கு அடுத்த ஐம்பது ஆண்டுகள் பிரிட்டனில் சைடுகார் எளிய குடும்பத்தின் வாகனம். 1912இல் பர்மிங்ஹாமில் வாட்சன் என்பவர், தன் வீட்டுக்குப் போகும் சந்து குறுகலாக இருந்ததால் மடக்கக்கூடிய சைடுகார் ஒன்றைச் செய்தார். வாட்சோனியன் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. 1922இல் பிளாக்பூலில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் பளபளக்கும் அலுமினிய சைடுகார்கள் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுடைய ‘ஸ்வாலோ’ பட்டறைதான் பிறகு கார் கட்டி, 1945இல் ஜாகுவார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. குடும்பத்துக்கான சைடுகாரில் கதவும் கண்ணாடி ஜன்னலும் கூரையும் இருக்கும்; மனைவியும் பிள்ளைகளும் உள்ளே. மழை வந்தால் அவர்கள் நனையாமல் ஊர் போய்ச் சேர்வார்கள். குடும்பத் தலைவர் வெளியே நனைந்துகொண்டே ஓட்டுவார். காரில் இந்த வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே கூரை. 1959இல் சின்ன மினி கார் குறைந்த விலையில் வந்ததும் பிரிட்டனின் சைடுகார் வியாபாரம் படுத்துவிட்டது. இந்தியாவில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் சைடுகார் பூட்டிக் குடும்பத்தோடு போனவர்களை 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ‘ஷோலே’ படத்தின் நட்புப் பாட்டில் சைடுகார் தனியே கழன்று ஓடி மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். அது 1975. நிஜத்தில் கழன்ற சைடுகார் அப்படித் திரும்பி வராது.

மலிவு என்ற காரணம் போன பிறகும் இதை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று தெரிய, அதன் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் சுகம் சாய்வில் இருக்கிறது. வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப, ஓட்டுபவர் இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறார். சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் போக, வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது. பெரும்பாலோர் இதைச் செய்கிறோம் என்று தெரியாமலேயே செய்கிறார்கள். சைடுகார் பூட்டிய வண்டியால் சாய முடியாது. அதில் இடது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி வலப்பக்கம்தான் போகும், எதிரே லாரி வந்தாலும். காரைப் போல, திரும்ப வேண்டிய பக்கத்துக்கு ஹேண்டிலைப் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். இருபது வருடம் புல்லட் ஓட்டியவர், வண்டியே தொடாதவரைவிட மோசமான மாணவராக இருப்பதும் இதனால்தான். புதியவர் கற்றால் போதும். பழையவர் முதலில் மறக்க வேண்டும், அதுவும் கைகளிலிருந்து.

நேராகப் போவதும் லேசில்லை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் இடப்பக்கமாகப் போவதால் சைடுகாரும் இடப்பக்கத்தில், நடைபாதையை ஒட்டி இருக்கும். எஞ்சின் இருப்பது வலப்பக்கத்து மோட்டார் சைக்கிளில். வேகம் கூட்டினால் வண்டி முந்துகிறது, சைடுகார் பின்தங்குகிறது, மொத்தமும் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கப் பார்க்கிறது, சைடுகார் தன் வேகத்தில் முன்னே போகிறது, மொத்தமும் வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. ஜோடி மாட்டில் ஒன்று சுறுசுறுப்பாகவும் மற்றது மந்தமாகவும் இருந்தால் வண்டிக்காரர் படும் பாடு இதுவே. ஆக்சிலரேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் கை மறுபக்கம் ஈடு கொடுக்க வேண்டும். சில மாதங்களில் அது பழக்கமாகிவிடும். அதற்குள் தோள் வலிக்கும்.

மிக ஆபத்தான இடம் சைடுகார் இருக்கும் பக்கத்து வளைவு. இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது எடை வலப்பக்கம் சரிகிறது. சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. ஆள் உட்கார்ந்திருந்தால் அவருடைய எடை அதை அமுக்கி வைக்கும். காலியாக இருந்தால் அமுக்க எதுவும் இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது எடை சைடுகாரின் மேல் விழுவதால் வண்டி ஓரளவு நிதானமாகப் போகும். மிதமிஞ்சிய வேகத்தில் மட்டுமே சைடுகாரின் மூக்கு தரையைக் குத்தி, வண்டியின் பின்சக்கரம் தூக்கும்.

இந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதுவே மிகவும் யோசிக்க வைப்பது. உடன் ஆள் வருவது பாரம் என்றுதான் பொதுவாக நினைக்கத் தோன்றும். சைடுகாரில் ஆள் இருப்பது வண்டிக்குப் பலம்; ஆள் இல்லாத இடம்தான் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் அறிவுரையாக, காலி சைடுகாருக்குள் ஒரு மணல் மூட்டையை வைக்கச் சொல்கிறார்கள். மூட்டை பேசாது, வழி சொல்லாது. எடையை மட்டும் தரும். கை தேறத் தேற மூட்டையின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் எடுத்துவிடலாம். அதன் பின்னும் இடப்பக்க வளைவு வரும்போது ஓட்டுபவர் தன் உடம்பைக் காலி இருக்கையின் பக்கம் சாய்க்கிறார். தள்ளி நின்று பார்ப்பவருக்கு, இல்லாத ஒருவரிடம் ரகசியம் சொல்லக் குனிவதுபோல இருக்கும். வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிட்ட குடும்பங்களுக்கு இது விளக்காமலே புரியும்.

ஆள் ஏறப்போவதை முன்கூட்டியே எண்ணித்தான் வண்டியைப் பூட்டவும் வேண்டியிருக்கிறது. சைடுகாரை வாங்கி நான்கு போல்ட்டுகளில் முடுக்கிவிட்டால் வேலை முடியாது. அதன் சக்கரம் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நேராக இல்லாமல் ஏறக்குறைய ஒரு சாண் முன்னே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நீளமான பலகையை வைத்து அளந்தால், சைடுகாரின் சக்கரம் முன்பக்கத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஓயாமல் இடப்பக்கம் இழுக்கும். மோட்டார் சைக்கிளையும் நேராக நிறுத்தக் கூடாது. சைடுகாருக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு பாகை சாய்த்துப் பூட்டுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்த எடையில் வண்டி நிமிர்ந்துகொள்ளும். அதாவது, காலியாக நிற்கும்போது கொஞ்சம் கோணலாக இருப்பதுதான் சரியான பூட்டு. இந்தக் கோணலைப் பிழை என்று நினைத்து நிமிர்த்திக் கொடுத்த மெக்கானிக்குகளும் உண்டு.

நுணுக்கம் தெரிந்தவர்கள் அத்துடன் நிறுத்துவதில்லை. திருப்பும் பலத்தைக் குறைக்க முன் ஃபோர்க்கை மாற்றுவார்கள். இழுவை கூட, சங்கிலியின் முன் பல்சக்கரத்தைச் சிறியதாக்குவார்கள். சாயாத வண்டிக்கு வட்ட முதுகு டயர் வீண் என்பதால் தட்டையான கார் டயர் போடுபவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகு அந்த வண்டி தனியாக ஓட லாயக்கில்லாமல் போகிறது.

உட்கார்ந்து வருபவரும் சும்மா இருக்க முடியாது என்பதைப் பந்தயக்காரர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயத்தில் சைடுகாருக்கென்று தனிப் போட்டி 1923இல் வந்தது. அதில் வென்ற ஃப்ரெடி டிக்ஸனின் டக்ளஸ் வண்டியில், உடன் வந்தவர் ஒரு நெம்புகோலை இயக்கிச் சைடுகாரையே சாய்க்க முடிந்தது. பிறகு வந்தவர்களுக்கு நெம்புகோலும் இல்லை, உடம்புதான். சைடுகார் பக்கத்து வளைவில் தரையை உரசுமளவு வெளியே தொங்க வேண்டும். மறுபக்க வளைவில் ஓட்டுபவரின் பின்னால் ஏறிப் பின்சக்கரத்தின் மேல் படுக்க வேண்டும். இரண்டு வளைவுக்கும் நடுவே ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். அவர் பிந்தினால் ஓட்டுபவரின் திறமை எதற்கும் உதவாது.

1949இல் சைடுகாருக்கு முதல் உலகச் சாம்பியன் பட்டம் வந்தபோது எரிக் ஆலிவர் வென்றார். அவருடன் நார்ட்டன் வண்டியில் வந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1955 மே மாதம் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸ் காரில் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் அவரே. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பாதையின் வளைவுகளை ஒரு நீண்ட காகிதச் சுருளில் எழுதி வைத்துக்கொண்டு, இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கைச் சைகையால் சொல்லிக்கொண்டே போனார். பத்து மணி நேரம் ஏழு நிமிடத்தில் முடித்து மாஸ் வென்றார். அந்த இரண்டு வெற்றியிலும் ஜென்கின்சனின் கையில் ஸ்டீயரிங்கும் இல்லை, ஹேண்டிலும் இல்லை. பக்கத்தில் இருப்பதையே ஒரு வித்தையாகப் பயின்றவர் அவர்.

சைடுகார் என்ற சொல்லும் மோட்டாரை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது. மியான்மரில் மிதிவண்டியின் பக்கத்தில் இருக்கை பூட்டிய ரிக்‌ஷாவுக்குச் ‘சைக்கா’ என்று பெயர். சைடுகார் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் தேய்ந்தது. அதில் இருவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்கிறார்கள். ஒருவர் வரும் வழியைப் பார்ப்பார், மற்றவர் வந்த வழியைப் பார்ப்பார். சிங்கப்பூரின் டிரைஷாவும் பக்கத்தில் இருக்கை உள்ள வகையே.

இன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்தே சைடுகாரோடு வரும் வண்டிகளில் பெயர் பெற்றது ஊரல். பி.எம்.டபிள்யூ. ஆர்71 வண்டியை ஒட்டி சோவியத் ராணுவத்துக்காக உருவான எம்-72 அதன் மூதாதை. 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது மாஸ்கோவிலிருந்த தொழிற்சாலையை ஊரல் மலைப் பக்கமுள்ள இர்பிட் நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே கிடைத்த இடம் ஒரு பழைய மதுபான ஆலை. உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022இல் வண்டியை இறுதியாகப் பூட்டும் வேலை மறுபடி இடம் மாறி, கஜகஸ்தானின் பெட்ரோபாவ்ல் நகரத்துக்குப் போயிற்று. ஊரலின் சில மாதிரிகளில் சைடுகாரின் சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிறது. சேற்றிலும் பனியிலும் பக்கத்துச் சக்கரம் இழுபட்டு வராமல் தானும் தள்ளுகிறது. ரிவர்ஸ் கியரும் உண்டு.

இதை வைத்திருப்பதில் கணக்குப் பார்த்தால் லாபம் எதுவும் இல்லை. அகலம் காருக்குப் பக்கத்தில் வருகிறது. நெரிசலில் இடுக்கு வழியாக நுழையும் வசதி போய்விடுகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. ஓட்டுபவருக்கு மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு இல்லை. மோட்டார் சைக்கிளின் குறைகளோடு காரின் குறைகளையும் சேர்த்து வாங்கியதுபோல என்று கேலி செய்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனாலும் வயதாகி, வண்டியைக் காலால் தாங்க முடியாதவர்கள் இதற்கு வருகிறார்கள். பின்சீட்டில் கால் போட்டு ஏற முடியாத தாயை அழைத்துப் போக ஒருவர் வாங்குகிறார். நாய்க்காக வாங்குபவர்களும் உண்டு, நாய்க்கு இது காரைவிடப் பிடித்திருக்கிறது. இந்தியாவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய 1988 சட்டம் சைடுகாரில் இருப்பவரை விலக்கியிருந்தது. 2019இன் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை.

சிலர் சில ஆண்டுகளுக்குப் பிறகு சைடுகாரைக் கழற்றிவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்து தனக்கென்று வண்டி வாங்கியிருக்கும், அல்லது உடன் வந்தவர் இப்போது வருவதில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பழைய பல்சக்கரத்தையும் வட்ட டயரையும் திரும்பப் போட்டு, சைடு ஸ்டாண்டைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். இத்தனை ஆண்டுகளும் அதற்குத் தேவை இருக்கவில்லை. வண்டி சில நாட்களில் பழைய சாய்வுக்குத் திரும்பிவிடும். ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். மூன்று சக்கர வண்டியை நிறுத்தும்போது காலை ஊன்ற வேண்டியதில்லை. தனி வண்டியில் முதல் சிவப்பு விளக்குக்கு வந்து, பிரேக் பிடித்து, இரண்டு காலையும் மிதியிலேயே வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருப்பார். வண்டி மெதுவாக இடப்பக்கம் சாயத் தொடங்கும்.