வசூலில் அருள் தேடுவோர்

ஒரு திரைப்படத்தின் லாபத்தில் காலணாவும் பங்கில்லாத ஒருவர் அதன் வசூல் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பதும், அந்தக் கணக்கை எடுத்து நீட்டி மற்றொருவரின் ரசனை பிழையானது என்று நிறுவ முற்படுவதும் விளக்கம் வேண்டும் செயல்கள். ஜார்ஜ் லூகாஸ் 1977இல் தொடங்கிவைத்த 'ஸ்டார் வார்ஸ்' அறிவியல் புனைவுத் திரைத்தொடரின் ரசிகர்களிடையே நடந்துவரும் வழக்கில் இச்செயல்கள் அன்றாடம் காணக்கிடைக்கின்றன. தொடரின் படைப்பூற்று வற்றிவிட்டது, அது பெயரளவில்தான் உயிர் வாழ்கிறது என்பது ஒரு தரப்பு. அது வளர்ந்துகொண்டிருக்கிறது, வளர்ச்சியைப் பொறுக்காதவர்களே ஒப்பாரி வைக்கிறார்கள் என்பது மறுதரப்பு. இரு தரப்பும் கடைசியில் கூண்டில் ஏற்றும் சாட்சி டாலர் கணக்குதான். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,000க்கும் மேற்பட்டோர் தங்கள் சமயம் 'ஜெடாய்' (அத்தொடரில் வரும் துறவிவீரர்களின் பெயர்) என்று எழுதினர். பெரும்பாலும் குறும்பாகச் செய்யப்பட்ட அந்தப் பதிவைக் காட்டிலும் இந்த வசூல் வாதத்திலேயே சமயத்தின் இயல்பு ஆழமாகப் படிந்திருக்கிறது.

வழக்கின் அடித்தளத்தில் 'கேனன்' என்ற சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் அளவுகோலைக் குறித்த இச்சொல்லைத் திருச்சபை, ஏற்கத்தக்க மறைநூல்களின் பட்டியலுக்குப் பெயராக்கிக்கொண்டது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் கி.பி. 367இல் எழுதிய மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அவ்வாறு வரையறை பெற்றன. விவிலிய ஆராய்ச்சியின் முறைகளை 1911இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் மீது விளையாட்டாகப் பொருத்திக் காட்டிய ரோனால்ட் நாக்ஸ் (பின்னாளில் கத்தோலிக்கக் குருவானவர்) வழியே ரசிகர் உலகுக்குள் நுழைந்த அச்சொல், விளையாட்டுத்தனத்தை மெல்ல மெல்ல உதறிவிட்டது. ஸ்டார் வார்ஸைச் சூழ்ந்து வளர்ந்த நாவல்களும் படக்கதைகளும் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது வெறும் பழங்கதைகள், என்று 2014 ஏப்ரலில் தொடரைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அறிவித்தபோது, நாயகன் லூக் ஸ்கைவாக்கர் மாரா ஜேடை மணந்துகொண்ட செய்தியும் அவற்றோடு நீங்கியது. ஒருபோதும் நடவாத திருமணம் ஒன்று ஓர் அறிக்கையால் நடவாததாக ஆக்கப்பட்டதற்குப் பெருந்திரளானோர் வருந்தினர் என்பது நகைப்புக்கு இடம் தரலாம். ஆனால் எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று முறிந்த வருத்தம் அது. பட்டியலிடும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி அன்றுதான் பலருக்கு முதன்முதலாக உறைத்தது.

அக்கேள்விக்கு எளிய விடை கிடையாது. திரைப்படங்களை உரிமையாளர்கள் தம் விருப்பம்போல் திருத்துவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியமளித்த லூகாஸ், 1997இல் தம் முதல் மூன்று படங்களையும் தாமே திருத்தி வெளியிட்டார். மதுக்கூடக் காட்சியில் கடத்தல்காரன் ஹான் சோலோ முந்திக்கொண்டு சுட்டது மாறி, எதிராளி முதலில் சுடுவதாக அமைந்தபோது, படைத்தவனே படைப்பைக் கெடுத்துவிட்டான் என்று ரசிகர்கள் வெகுண்டனர். இந்திய மெய்யியலிலும் இத்தகைய வழக்கு உண்டு. வேதத்துக்கு ஆக்கியோன் இல்லை, ஆதலால் ஆக்கியோனின் குற்றங்கள் அதைத் தீண்டமாட்டா என்று கூறும் மீமாம்சகர்கள் இக்கொள்கையை 'அபௌருஷேயம்' என்பர். வேதம் இறைவனின் வாக்கு, சொன்னவன் நம்பத்தக்கவன் என்பதாலேயே சொல்லும் நம்பத்தக்கது என்பர் நையாயிகர். 1997இன் ரசிகர்கள் தம்மை அறியாமல் மீமாம்சகர்களாக நின்றனர். 2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் 405 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமை வாங்க ஒப்பந்தம் செய்து, அதுவரை ஒரே மனிதரிடம் இருந்த ஆக்கியோன் என்ற தகுதியும் உரிமையாளர் என்ற தகுதியும் பிரிந்தபின், அவர்களுள் பலரே லூகாஸ் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது என்று சொல்லத் தொடங்கி நையாயிகர்களாயினர். ஆக்கியோன், உரிமையாளர், நூல் ஆகிய மூவருள் எவருடைய சொல் இறுதியானது என்று தீர்க்க மன்றம் எதுவும் இல்லாத நிலையில், உள்ளே தீராத வழக்குக்கு வெளியிலிருந்து ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியிட்ட, சீர்திருத்தக் கிறித்தவ அறத்தையும் முதலாளித்துவத்தின் உளப்பாங்கையும் பற்றிய ஆய்வு இங்கு கைகொடுக்கிறது. மீட்படைவோர் யார், அழிவோர் யார் என்பதை இறைவன் முன்னரே முடிவு செய்துவிட்டான், அம்முடிவை மனிதர் அறியவும் இயலாது மாற்றவும் இயலாது என்பது சீர்திருத்த இறையியலாளர் கால்வினின் முன்குறிப்புக் கோட்பாடு. கால்வின் அந்த அறியாமையோடு அமைதியாக வாழ முடிந்தவர். அவருக்குப் பின்வந்த எளிய விசுவாசிகளால் அது முடியவில்லை. தாம் தேர்ந்துகொள்ளப்பட்டவரா என்ற ஏக்கம் அரித்தபோது, ஓயாத உழைப்பும் அவ்வுழைப்பில் கிட்டிய வெற்றியும் அருளின் அறிகுறிகளாக அவர்களுக்குத் தென்பட்டன என்கிறார் வேபர். முதலாளித்துவத்தின் தோற்றம் பற்றி அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை மறுத்துரைத்து வருகின்றனர். எனினும், காணமுடியாத ஒன்றைக் காணக்கூடிய ஒன்றின் வழியே உறுதிசெய்துகொள்ளத் துடிக்கும் மனத்தை அவர் வரைந்த விதத்தில் குறைகாண்பது கடினம். ஒரு தொடரின் படைப்பு நலம் கண்ணுக்குப் புலப்படாதது. வசூலோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் அச்சேறுகிறது.

அறிகுறி என்று கொள்ளப்பட்ட எண்கள்தாம் எவ்வளவு வளைந்துகொடுக்கின்றன! 2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' உலகெங்கும் ஏறத்தாழ 207 கோடி டாலர் ஈட்டியது. 2017இல் ரையன் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடாய்' 133 கோடி ஈட்டியது. முந்தையதைவிட 74 கோடி குறைந்தது வீழ்ச்சி என்று ஒருவர் சொல்ல, அந்த ஆண்டில் உலகிலேயே மிகுதியாக ஈட்டிய படம் அதுதான் என்று மற்றவர் சொல்ல, இருவர் சொன்னதும் மெய்யாகவே இருக்கிறது. ஐந்து மாதங்கள் கழித்து வெளியான 'சோலோ' 40 கோடியைக்கூடத் தொடாதபோது, முந்தைய படத்தின் பாவத்துக்கு மக்கள் அளித்த தண்டனை அது என்றது ஒரு தரப்பு. படப்பிடிப்பின் நடுவே இயக்குநர்கள் மாற்றப்பட்டதும், வெளியீடுகள் நெருங்கிவந்ததும் காரணம் என்றது மறுதரப்பு. முறையிட்டோரைச் சமாதானப்படுத்தும் நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' 2019இல் 107 கோடியோடு நின்றது, பிராயச்சித்தமும் பலிக்கவில்லை. இவையனைத்துக்கும் முன்பே, 1980இல் வெளியான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' முதல் படத்தைவிடக் குறைவாகவே ஈட்டியது. இன்று அதைத் தொடரின் சிகரம் என்று போற்றுவதில் இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றனர். வசூல் குறைவு அருள் நீங்கியதன் அறிகுறி என்றால், அந்தச் சிகரமே முதல் சரிவாக எண்ணப்பட வேண்டும்.

விவிலியத்தின் யோபு நூலில், செல்வத்தையும் மக்களையும் இழந்தவனைச் சூழ்ந்து அமரும் நண்பர்கள் இழப்பிலிருந்து பாவத்தை ஊகித்து வாதிடுகின்றனர். முடிவில் இறைவனின் சினம் அந்த நண்பர்கள் மீதே பாய்கிறது. விளைவைக் கொண்டு தகுதியை அளக்கும் முறையை தங்கள் சமயமே இவ்வளவு பழமையான நூலில் கண்டித்துவிட்டது என்பதை வேபரின் விசுவாசிகள் அறியாதவரல்லர். அறிவு ஒருபுறம் இருக்க ஏக்கம் மற்றொருபுறம் இருந்ததே அவர்கள் நிலை. ரசிகர்களின் நிலையும் வேறல்ல. 2022இல் தொடங்கி 2025இல் நிறைவுற்ற 'ஆண்டோர்' என்ற ஸ்டார் வார்ஸ் தொலைக்காட்சித் தொடரை, படைப்பு நலம் பற்றி முழுவதும் முரண்பட்டோரும் பாராட்டினர். சந்தாவில் ஓடும் தொடருக்கு நுழைவுச்சீட்டுக் கணக்கு இல்லை. ஆதலால் கதையமைப்பையும் உரையாடலையும் அரசியலையும் பற்றி அவர்கள் பேச வேண்டியதாயிற்று, பேச்சும் மேம்பட்டது. 2019க்குப் பின் திரையரங்குக்கு வரும் முதல் ஸ்டார் வார்ஸ் படமாக 'தி மாண்டலோரியன் அண்ட் க்ரோகு' 2026 மே மாதத்துக்கு அறிவிக்கப்பட்டவுடன், பழைய அளவுகோலும் கைக்குத் திரும்பியது.

இத்தனை சச்சரவுக்கும் நடுவில் இருக்கும் 'தி லாஸ்ட் ஜெடாய்' படமே மறைநூலையும் அதிகாரத்தையும் பற்றியது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. முதுமையடைந்த லூக், ஜெடாய்களின் தொன்மையான நூல்கள் வைக்கப்பட்ட மரத்தைக் கொளுத்தச் சென்று கை நடுங்கி நிற்கும்போது, அவருடைய குரு யோடாவின் ஆவி இடியை வரவழைத்து அதை எரிக்கிறது. மரபை எரித்த படம் என்று பழிப்போரும், மரபிலிருந்து விடுவித்த படம் என்று புகழ்வோரும் அந்த நெருப்பையே காட்டிப் பேசுகின்றனர். ஆனால் அந்நூல்களை, லூக்கிடம் பயில வந்த இளையவளான ரே முன்கூட்டியே எடுத்துச் சென்றுவிட்டாள். படத்தின் முடிவில், காயமுற்ற தோழிக்குப் போர்வை எடுக்கக் விண்கப்பலின் இழுப்பறை ஒன்றை ரேயின் நண்பன் ஃபின் திறக்கிறான். எவரும் எதுவும் பேசாத அந்தச் சில நொடிகளில், நூல்கள் உள்ளே கிடப்பது தெரிகிறது.