உடன் பயின்றோரை நினைத்தல்

நினைவு என்பது மனிதனுக்குக் கிடைத்த இன்பமா, அல்லது அவன் நிறைவேற்ற வேண்டிய கடமையா? பெற்றோரையும் இறந்தோரையும் முன்னிறுத்தி இக்கேள்வியைக் கேட்பவர் உண்டு. பள்ளியில் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து பயின்றவர்களை முன்னிறுத்திக் கேட்பவர் சிலரே. பள்ளித் தோழமை என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தில் புன்னகை மலர்கிறது. அங்கே கடமைக்கு என்ன வேலை என்று தோன்றுகிறது. ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்த்தால், உடன் பயின்றோருள் எவரை நினைக்கிறோம், எவ்வாறு நினைக்கிறோம் என்பதில் நமது நீதியுணர்வே சோதிக்கப்படுகிறது என்பது விளங்கும்.

நண்பன் வேறு; வகுப்புத் தோழன் வேறு. நண்பனை நாம் தேர்ந்துகொள்கிறோம். வகுப்புத் தோழனையோ பிறந்த ஆண்டும், வாழ்ந்த ஊரும், பள்ளி வைத்த வரிசையும் நமக்குத் தந்துவிடுகின்றன. இவ்வகையில் அவன் உடன்பிறந்தவனை ஒத்தவன். கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரிஸ்டாட்டில், ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்னும் தம் நூலின் பத்துப் பகுதிகளுள் இரண்டை நட்புக்கென்றே ஒதுக்கினார். அவற்றுள் ஓரிடத்தில் ஒரு வினாவை எழுப்புகிறார். இளமையில் நண்பராயிருந்த இருவருள் ஒருவர் அறிவில் சிறுவராகவே நிற்க, மற்றவர் முழு மனிதராக வளர்ந்துவிட்டால் அந்நட்பு நிலைக்குமா? நிலைப்பது அரிது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தப் பழைய தோழரை முன்பின் அறியாதவர்போல் நடத்தலாகாது. இருந்த நெருக்கத்தை மறவாது, அதன் பொருட்டு அவருக்குச் சிறிதேனும் இடம் தர வேண்டும் என்பது அவர் முடிவு. நட்பு முடிந்த பின்னும் நினைவு ஒரு கடனாக எஞ்சி நிற்கிறது.

இந்த வினாவை நம் ஊர்களுக்குக் கொண்டுவரும்போது ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே ஒருவன் வளர்ந்ததும் மற்றவன் நின்றதும் பெரும்பாலும் அறிவினால் நேர்ந்தவை அல்ல; வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதனால் நேர்ந்தவை.

1980களின் தொடக்கத்தில், தென்கடற்கரைக்கு அண்மையில் உள்ள ஒரு கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். கட்டுமரக்காரர் பிள்ளைகளும், பனையேறிகளின் பிள்ளைகளும், உழவர் பிள்ளைகளும், கடைக்காரர் பிள்ளைகளும், ஆசிரியர் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருந்தோம். மறைக்கல்வி வேளை வந்தால் மட்டும் வகுப்பு இரண்டாகும். பிற சமயத்தார் நன்னெறி வகுப்புக்கு அடுத்த அறைக்குச் செல்வர். முப்பது மணித்துளி கழித்து மீண்டும் கலந்துகொள்வோம். அந்தப் பிரிவு எங்களுக்குத் துன்பம் தரவில்லை. அது திரும்பி வரும் பிரிவு. திரும்பி வராத பிரிவு வேறொன்று இருந்தது. தை பிறந்து பனையேறும் பருவம் தொடங்கினால், பதநீர் காய்ச்சத் துணையாகச் சில சிறுவர் நின்றுவிடுவர். மீன்பாடு குறைந்த ஆண்டில், கூலியாள் வைக்க இயலாத தந்தையோடு மகன் கடலுக்குப் போவான். ஆண்டுத் தேர்வில் தவறியவனைச் சென்னைக்கோ பம்பாய்க்கோ கடை வேலைக்கு அனுப்புவர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவருக்கும் விரிந்தபோது சிலர் நிலைத்தனர். அதற்குள் சிலர் போய்விட்டிருந்தனர். நீண்ட நாள் வராதவன் பெயர்மீது வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். பத்தாம் வகுப்பு முடிவில் எடுக்கப்படும் குழுப்படத்தில், எஞ்சியவர் மட்டுமே நிற்பர்.

சில ஆண்டுகளுக்கு முன், மகளின் திருமண ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க ஒரு தந்தை என் பங்கு அலுவலகத்திற்கு வந்தார். அவர் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். எனக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்தவர். அன்று ‘டேய்’ என்று அழைத்தவர், இன்று ‘சாமி’ என்றார். நான் காட்டிய நாற்காலியில் அமரத் தயங்கினார். பேச்சு பள்ளிக்குத் திரும்பியது. “நம்ம வகுப்புல முப்பத்தெட்டுப் பேரு சாமி, ஒண்ணாம் நம்பர்ல இருந்து சொல்லட்டுமா?” என்று கேட்டவர், ஒரு பெயரும் தவறாமல், நின்றுபோனவர் பெயரையும் விடாமல் முப்பத்தெட்டையும் சொல்லி முடித்தார். எப்படி இத்தனையும் நினைவிருக்கிறது என்று வியந்தேன். “ராத்திரி வலையைப் போட்டுட்டுச் சும்மா இருப்போம்லா, தூக்கம் வராம இருக்கச் சொல்லிப் பாப்பேன்” என்றார் அவர்.

பதிவேட்டில் எவருடைய பெயர் அடிக்கப்பட்டதோ, அவரிடமே அந்த வகுப்பு முழுமையாக இருந்தது. குழுப்படத்தில் நிற்பவர்களோ, படத்தில் உள்ளவர்களை மட்டுமே வகுப்பு என்று எண்ணி வாழ்ந்து வருகிறோம். இப்போதெல்லாம் பழைய மாணவர் சந்திப்புகள் எங்கும் நடைபெறுகின்றன. வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டுகிறார்கள். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நன்றி மறவாத அச்செயல் போற்றத்தக்கது. ஆனால் அழைப்புப் பட்டியல் பத்தாம் வகுப்பிலிருந்தோ பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தோ தொடங்குகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கியதாக நான் அரிதாகவே கேள்விப்படுகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே சிவப்புக் கோடு இரண்டாம் முறையும் விழுந்துவிடுகிறது.

விடுபட்ட மனிதர் ஒருபுறமிருக்க, விடுபட்ட உண்மையும் உண்டு. “அந்தக் காலத்தில் எங்களுக்குள் எந்த வேற்றுமையும் இருந்ததில்லை” என்பது சந்திப்பு மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம். அதைச் சொல்பவர் யார் என்று கவனிக்க வேண்டும். வேற்றுமையால் வருந்தாதவருக்கு வேற்றுமை தெரிவதில்லை. யாருடைய குவளையில் யார் தண்ணீர் குடிக்கவில்லை, யார் வீட்டுத் திண்ணை வரை மட்டும் யார் வந்தார் என்பதை மற்றவரைக் கேட்டால்தான் அறியலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். கைதானவருள் அவரோடு ஒரே பள்ளியில் பயின்றவரும் இருந்தனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. ஒரே பெஞ்சு தானாக எவரையும் சகோதரராக்கிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

ஆதலால் நினைவுக்கு அன்பு மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும். புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் நான்காம் பகுதியில், தகாஸ்தே நகரில் தம்மோடு வளர்ந்து, ஒன்றாகப் பள்ளி சென்று, ஒன்றாக விளையாடிய ஒரு தோழரை நினைவுகூர்கிறார். அவரது இறப்பால் தாம் அடைந்த துயரை உருக்கமாக எழுதுகிறார். அத்தோடு நில்லாமல், நோயில் நினைவிழந்து கிடந்தபோது அத்தோழர் பெற்ற திருமுழுக்கைத் தாம் ஏளனம் செய்ததையும், அவர் அதைக் கண்டித்ததையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். தம்மை அழகாகக் காட்டும் பகுதியை மட்டும் அவர் நினைவாகத் தேர்ந்துகொள்ளவில்லை.

உடன் பயின்றோரை நினைவில் ஏந்திய இன்னொருவரை நம் கடற்கரை நன்கறியும். 1529 முதல் பாரிஸ் நகரின் செயிண்ட் பார்ப் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் பயின்றவர்கள் இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், பேதுரு பேபர் ஆகியோர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், பின்னர் கிழக்கே சென்று, 1546இல் அம்போன் தீவிலிருந்து தம் தோழருக்கு ஒரு மடல் எழுதினார். அவர்கள் விடுத்த மடல்களிலிருந்து அவரவர் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு எப்போதும் சுமந்து வருவதாக அதில் தெரிவிக்கிறார். கடலில் வலைக்கருகே அமர்ந்து முப்பத்தெட்டுப் பெயர்களைச் சொல்லிப் பார்க்கும் மீனவரும், பெயர்களை வெட்டியெடுத்துச் சுமந்த புனிதரும் செய்தது ஒரே செயல்தான். இருவரும் மனிதரைக் கூட்டமாக நினைக்கவில்லை. பெயர் பெயராக நினைத்தார்கள்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். நினைக்கப்படுவதை எல்லாரும் விரும்புவார்களா? பாதியில் நின்றவர், வென்றவர்கள் நடுவே வந்து நிற்கக் கூசமாட்டாரா? அவரைத் தேடிப் போவது, ஆறிய புண்ணைக் கிளறுவது ஆகாதா? இது நியாயமான தடையே. மேடையேற்றி மாலையிடுவதற்காகத் தேடினால், அந்நினைவு அவருக்கு அவமதிப்பாகவே முடியும். ஆனால் ஒருவரை அழைப்பது வேறு, வரும்படி வற்புறுத்துவது வேறு. வர மறுக்கும் உரிமை அவருடையது; அவரை அழைக்கும் கடமை நம்முடையது. அவர் மறுப்பார் என்று நாமே முடிவு செய்து அழைப்பை நிறுத்திக்கொள்வோமாயின், அவருடைய உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். மேலும், தேடிச் செல்வதற்கு மேடை எதற்கு? அவர் வீட்டுத் துயரத்திற்கு ஒரு முறை போய் நிற்பதும், அவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிப்பதும், தேவையானால் ஓசையின்றிக் கை கொடுப்பதும் நினைவின் வடிவங்களே.

பள்ளிப் பதிவேட்டின்மீது நாம் குறை கூறுவதற்கில்லை. வராதவரை நீக்காமல் ஒரு பள்ளி கணக்கு வைக்க இயலாது. ஆனால் கோயிலில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. ஒருவரது உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம் போன்றவற்றையும் அவர் பெயருக்கு நேரே குறித்துவரப் பணிக்கிறது. அவர் எந்த ஊரில் மணந்தாலும் செய்தி இந்த ஏட்டைத் தேடி வருகிறது. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்பதற்காக எவர் பெயரும் இதில் அடிக்கப்படுவதில்லை. காலியாய்க் கிடக்கும் இடம், அவருக்கு மேலும் வாழ்வு உண்டு என்று காத்திருக்கிறது.

நம் நெஞ்சில் உள்ள வகுப்பறைப் பட்டியல் இவ்விரண்டில் எதைப் போன்றது என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பள்ளித் தோழர் அடுத்த முறை ஒன்றுகூட எண்ணும்போது, ஆறாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து பெயர்களை எழுதிப் பாருங்கள். எழுத எழுத இடைவெளிகள் தென்படும். அந்த இடைவெளிகளை நிரப்பத் தெரிந்தவர் ஒருவர், மேடைக்கு வராத ஒருவர், எங்கோ ஓரிடத்தில் நிச்சயம் இருப்பார். அவரிடமிருந்து தொடங்குங்கள்.