வரவு எழுதாத நோட்டு

கடன் வாங்காதவன்தான் யோக்கியன் என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தார்கள். இப்போது வங்கிக்குப் போனால், கடனே வாங்காதவரை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். தையல் மிஷின் ரெண்டு வாங்கக் கடன் கேட்டுப் போன என் தங்கை மகளிடம், கணினியைப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு வரலாறே இல்லம்மா." கடன் வரலாற்றைத்தான் சொன்னார். ஆனால் சேரியைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்வது இது முதல் தடவையா என்ன?

சிபில் நிறுவனம் தொடங்கியது 2000இல். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடனைக் கட்டிய விதத்தை வைத்து 300லிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். கணக்கே இல்லாதவருக்கு 'மைனஸ் ஒன்று' என்று காட்டுவதுண்டு. சைபருக்கும் கீழே! இதில் சாதி கேட்பதில்லை, உண்மைதான். எழுதி வைக்கிற இடத்தில் கடன் வாங்கினாயா என்றுதான் கேட்கிறது. அந்த இடத்துக்குள் நம்மை யார் விட்டார்கள்?

எங்க தாத்தா படியாள். கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காக ஆண்டை வீட்டில் ஆயாவும் அவரும் உழைத்தார்கள். ஆண்டையின் நோட்டில் பற்று தேதி போட்டு ஏறும். வரவு ஏறாது. எழுத்து தெரியாத ஆயா, நாற்று நட்ட நாளையும் களை எடுத்த நாளையும் அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் தொடவிட மாட்டாள். பஞ்சாயத்தில் செல்லுபடியானது நோட்டுதான். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடன்களை ரத்து செய்தது. ரத்தானது பற்று. அவர்கள் கட்டித் தீர்த்த வரவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆகவே நான் கேட்பது: நாணயம் என்பது மனுசரிடம் இருக்கிற குணமா, நோட்டை வைத்திருப்பவர் கொடுக்கிற பட்டமா?

1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அதில் பெரும்பகுதி சட்டத்தை மீறி அடுத்தவர் கைக்குப் போனது. அடமானம் வைக்க நிலம் இல்லாதவர் தண்டல்காரரிடம் போகாமல் எங்கே போவார்? என் தங்கை நூறு நாள் தண்டலை ஒருநாள் தவறாமல் கட்டியவள். தண்டல்காரர் யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை. நுண்கடன் குழுக்களின் கதை வேறு. அங்கே கட்டினதும் ஏறும், தவணை பிந்தினதும் ஏறும். ஆனால் குழுவில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர்கள் வயித்தைக் கட்டி அவள் தவணையைக் கட்டுகிறார்களே, அதற்கு அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது. நான் பார்த்ததிலேயே பெரிய நாணயம் அதுதான்.

கையில் காசு இருந்தால் வரலாறும் கிடைக்கும். பத்தாயிரமோ இருபதாயிரமோ வைப்புத்தொகை போட்டு, அதன்மேல் கடன் அட்டை வாங்கி, மாதாமாதம் கெடுவுக்குள் முழுசாகக் கட்டினால் சில மாதங்களில் மதிப்பெண் வந்துவிடும். தங்கை மகளிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். "என்ன தோழர், புள்ளைங்கள கடன்காரியா ஆக்கப் பாக்குறீங்களா?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அவர் வீட்டுக்கடனில் கட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அளவுகோல் அநியாயம் என்று சொல்லிக்கொண்டே அதற்குள் நுழையலாம். பள்ளிக்கூடத்துக்குள் நாம் அப்படித்தான் நுழைந்தோம். நம் பிள்ளை அந்த எண்ணைத் தன் யோக்கியதை என்று நம்பிவிடக் கூடாது, எனக்கு அந்தப் பயம்தான்.

முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 2017லிருந்து வருசத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். ஊரில் நாலு பேரை உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். நாம் வாங்காத கடன் நம்ம பேரில் இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

தங்கை மகள் இப்போது நூலும் பட்டனும் அந்த அட்டையில்தான் வாங்குகிறாள். மகளிர் குழுவில் அவள் அஞ்சு வருசம் கட்டின கணக்கு குழுவின் பேரில் இருக்கிறது, அவள் பேரில் இல்லை. அந்த ஏட்டை நகல் எடுத்துக்கொண்டு அதே வங்கிக்கு மறுபடியும் மனுவோடு போகப்போகிறாள். நானும் கூடப் போகிறேன்.