சுட்டுவிரல்

எனக்கு ஞாயிற்றுக்கிழமை முடிவது திங்கள் மாலை 5.29-க்கு. நான் எடுத்த பல பாடங்களில் வீட்டுப்பாடத்துக்குக் கெடு ஞாயிறு இரவு 11.59. ஆனால் அது, பூமியில் ஞாயிறு எங்கே கடைசியாக முடிகிறதோ அந்த இடத்துக் கணக்கு. கிரீன்விச்சுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால், பசிபிக்கில் ஆளில்லாத தீவுகளின் நேரம். பெருங்குடியில் அப்போது திங்கள் சாயங்காலம். ஏதாவது ரிவியூ மீட்டிங்கில் உட்கார்ந்து, மேசைக்குக் கீழே போனை வைத்து 'சப்மிட்' அழுத்திக்கொண்டிருப்பேன்.

வயது 46. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது 23 வருஷமாக வேலை. விழுப்புரத்தில் பி.எஸ்சி. கணிதம், ஒரு டிப்ளமா, வேலை, கல்யாணம், மகள். அவள் கல்லூரிக்குப் போனதும் நானும் சேர்ந்தேன். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் தன் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை 2014 ஜனவரியில் இணையத்தில் திறந்துவிட்டது. மொத்தமே ஏறத்தாழ 7,000 டாலர்தான் என்று தொடங்கினார்கள். பத்துப் பாடம், ஆறு வருஷ அவகாசம். பட்டத்தில் 'இணையவழி' என்ற சொல்லே இருக்காது. சொந்தபந்தம் மொத்தமும் கேட்டது, "இனிமே எதுக்கு?" அப்பா ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார்: "யாரும்மா வாத்தியார்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பேராசிரியர் இருக்கிறார், ஆனால் அவர் எப்போதோ பதிவுசெய்த வீடியோவில். தாள் திருத்துவது டி.ஏ. எனப்படும் உதவி ஆசிரியர்கள், பெரும்பாலும் இதே படிப்பைப் படித்தவர்கள், படிப்பவர்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சைவ சித்தாந்தம் பாடம் கேட்டவர். அவருக்குக் குரு இல்லாமல் ஞானம் கிடையாது. சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் அதைத்தான் சொல்கிறது: வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைப் போல ஐம்புலன்களிடையே வளர்ந்த உயிருக்கு, அது யார் என்று குருவாய் வந்துதான் உணர்த்த வேண்டும். மானைப் பிடிக்கப் பழக்கிய மானைக் காட்டுவது போல, மனிதனைப் பிடிக்க இறைவன் மனிதப் போர்வையில் வருகிறான் என்பார்கள். அவரைச் சீண்டுவதற்காக ஜில் வாட்சன் கதையைச் சொன்னேன். இதே படிப்பில் அசோக் கோயல் என்ற பேராசிரியர், 2016-இல் அந்தப் பெயரில் ஒரு டி.ஏ.வை வைத்தார். மாணவர்களின் கேள்விகளுக்கு அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அது ஒரு நிரல் என்பது பாடம் முடியும் தறுவாயில்தான் வகுப்புக்குச் சொல்லப்பட்டது. "அப்ப போர்வை மட்டும்தான் வந்திருக்கு, உள்ள ஆளைக் காணோம்" என்றார் அப்பா.

இந்தப் பேச்சு மறந்துபோயிருந்தது, அல்காரிதம் பாடம் வரும்வரை.

கேள்வி இது. முழு எண்கள் ஏறுவரிசையில் நிற்கின்றன, எந்த எண்ணும் இரண்டு முறை வராது. எந்த இடத்திலாவது இடத்தின் எண்ணும் அங்கே நிற்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? ஒவ்வொன்றாய்ப் பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் பார்க்கிறோம். ஐம்பதாவது இடம், அங்கே நிற்பது 42. இடப்பக்கம் மொத்தத்தையும் விட்டுவிட்டு வலப்பக்கம் போகலாம். இந்தப் பாதிப் பாதியாய் வெட்டும் வித்தையை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன். எழுதி அனுப்பினேன். 20-க்கு 11.

ரீகிரேட், அதாவது மறுமதிப்பீடு, கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 23 வருஷ அனுபவம், கோடிக்கணக்கான வரிகள் உள்ள டேபிள்கள், நள்ளிரவில் புரொடக்ஷன் விழுந்தபோது தூக்கி நிறுத்தியது, எல்லாம் அதில் இருந்தது. பதில் இரண்டு வரி. தீர்வு சரி. இடப்பாதியை ஏன் விடலாம் என்ற காரணம் எங்கே? எழுதிய டி.ஏ.வின் படத்தைப் பார்த்தேன். என் மகளைவிட நாலைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம்.

இரண்டு நாள் எரிச்சல். பிறகு ஒரு பேட்ச் ஜாப் ஓடி முடியக் காத்திருந்தபோது கேள்வியைத் திரும்பப் படித்தேன். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் இடத்தின் எண் சரியாக ஒன்று குறையும், நிற்கும் எண்ணோ ஒன்றாவது குறையும். பின்தங்கிய எண் அந்தப் பக்கம் போகப்போக ஒருக்காலும் எட்டிப் பிடிக்காது. அவ்வளவுதான். 'முழு எண்கள்', 'இரண்டு முறை வராது' என்று கேள்வி சொன்னதே இதற்காக. நான் அந்தச் சொற்களை ஓரமாய்த் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். எத்தனை வருஷமாக, எத்தனை பாதிகளை, ஏன் என்று கேட்காமல் தள்ளியிருப்பேன்!

சின்ன வயதில் அப்பா என்னைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப் போவார். சுந்தரரை அடிமை என்று சொல்லிச் சிவன் கிழவராக ஓலையோடு வந்த வழக்கு தீர்ந்த ஊர். சுந்தரர் கிழித்தது படியோலையைத்தான், மூல ஓலை பத்திரமாக இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, "பேக்கப் எதுக்குன்னு எவனாவது கேட்டா இதைச் சொல்லு" என்பார். சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டாரின் ஊரும் அதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே மெய்கண்டான் என்ற சிறுவன் பாடம் சொல்கிறான். அவன் குடும்பத்தின் குலகுரு, சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கிய முதியவர், தன் மாணவர்களெல்லாம் அவனிடம் போய்விட்ட கோபத்தில் வருகிறார். நடப்பது ஆணவ மலத்தைப் பற்றிய பாடம். "ஆணவத்தின் சொரூபம் என்ன?" என்று கேட்கிறார். சிறுவன் பேசவில்லை. அவரை உச்சி முதல் பாதம் வரை விரலால் சுட்டிக்காட்டினான் என்பது மரபு. விழுந்து வணங்கியவர் பிறகு அருள்நந்தி சிவாச்சாரியார் ஆனார், சிவஞான சித்தியார் எழுதினார்.

அந்தக் கதையை அகங்காரக் கதையாகவே கேட்டு வளர்ந்தேன். ஆனால் சித்தாந்தத்தில் ஆணவம் வெறும் செருக்கு இல்லை. இருட்டு பொருளை மறைக்கும், ஆனால் இருட்டு இருக்கிறது என்றாவது தெரியும். ஆணவம் தன்னையும் சேர்த்து மறைத்துக்கொள்ளும். அந்த இடப்பாதி மாதிரி.

அப்பா சொல்லும் குருத் தத்துவம் முழுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த டி.ஏ.வுக்குள் இறைவன் இருந்தானா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் இருந்தார். டேட்டாபேஸ் ஒரு நாளைக்கு நாற்பது தடவை என் குவெரியைத் தப்பு என்று திருப்பி அடிக்கிறது. அடைப்புக்குறியைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறேன், ஒருநாளும் சுருக்கென்றதில்லை. அந்த இரண்டு வரியை ஜில் வாட்சன் எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. கோபம் வராவிட்டால் கேள்வியைத் திரும்பப் படித்திருக்கவும் மாட்டேன். அறிவை வீடியோவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வெட்கப்படுவதற்குத்தான் எதிரில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

போனில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மலம் அழியாதும்மா, அதோட சக்திதான் அடங்கும். செம்புல களிம்பு மாதிரி, தேய்ச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இந்தப் பருவத்தில் இன்னொரு பாடம், இன்னொரு டி.ஏ. 15-க்கு 9. நியாயமே இல்லாத மதிப்பெண் என்று இன்னமும் நினைக்கிறேன். ரீகிரேட் கேட்டு எழுதி, ஆங்கிலம் சரிபார்க்க மகளிடம் கொடுத்தேன். அவள் திரையில் விரல் வைத்து எதையோ எண்ண ஆரம்பித்தாள்.

"என்னடி எண்ணுற?"

"இதுல எத்தனை 'ஐ' இருக்குன்னு பாக்குறேம்மா. பதினாலு."

ரெண்டைக் குறைத்து அனுப்பினேன்.