இமை இல்லாத உயிருக்கும் இரவு உண்டு
(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

 



சென்ற வாரம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் கோபமாக இருந்தார். சொத்துப் பிரச்சினையோ, சம்பந்தி வீட்டுப் பிரச்சினையோ என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் சொன்ன விஷயம் இதுதான். வீட்டு ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து மீன் வளர்க்கிறார். கொளத்தூருக்குப் போய் அலைந்து திரிந்து வாங்கி வந்த மீன்கள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஹாலில் உட்கார்ந்து இரவு ஒரு மணி வரை படிப்பான், டியூப் லைட் எரியும். அவருடைய உம்மா தினமும் இஷாவுக்குப் பிறகு தன் பழைய துப்பட்டியை எடுத்து அந்தத் தொட்டியின் மீது போர்த்தி விடுகிறார்கள்.

"வீட்டுக்கு ஆள் வர்ற நேரத்துல அழுக்குத் துப்பட்டியப் போட்டு மூடி வெச்சிருந்தா நல்லாவா இருக்கு? சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. இதுக்கெல்லாம் மார்க்கத்துல ஏதாச்சும் இருக்கா ஹஜ்ரத்?"

"உம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"எனக்காச்சும் கண்ணை மூடிக்கலாம், அதுக்கு இமை இல்லையேப்பான்றாங்க."

சகோதரர்களே, ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதியவன் நான். அந்தப் பதிலுக்கு மேல் சொல்ல எனக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். ஒரு வாரமாக யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த மூதாட்டி சொன்னது உண்மைதானா என்று பார்த்தேன். உண்மைதான். நம் தொட்டிகளில் வளரும் மீன்களுக்கு இமை கிடையாது. கண் திறந்தபடியேதான் ஓய்வெடுக்கும். இரவில் தொட்டியின் அடிப்பக்கமாக இறங்கி, துடுப்பு மட்டும் லேசாக அசைய ஓரிடத்தில் அப்படியே நிற்கும். செவுள் அசைவது குறையும். நியான் டெட்ரா போன்ற சின்ன மீன்களின் நிறமே இரவில் மங்கிவிடும். காலையில் திரும்ப வரும். நமக்கு இரவானால் உடலில் மெலடோனின் என்ற சுரப்பு ஊறுகிறதே, அது மீனுக்கும் ஊறுகிறது. வெளிச்சம் பட்டால் நமக்கு எப்படி அது குறைகிறதோ, அப்படியே மீனுக்கும் குறைகிறது. பகலெல்லாம் ஒளிந்துகொண்டு இருட்டிய பிறகே வெளியே வந்து மேயும் கெளுத்தி இனங்களும் தொட்டியில் இருக்கின்றன. அவற்றுக்கு இருட்டு என்பது சாப்பாட்டு நேரம். விளக்கு அணையவே இல்லையென்றால் அவை எப்போது வெளியே வரும்?

ஆற்றிலோ குளத்திலோ உள்ள மீனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. வெளிச்சம் பிடிக்கவில்லை என்றால் ஆழத்துக்குப் போகும், கல்லுக்கு அடியில் நுழையும், பாசிக்குள் ஒதுங்கும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? நாலு பக்கமும் வெளிச்சம் வரும்படிதானே நாம் கட்டியிருக்கிறோம்!

இரவைப் பற்றி அல்லாஹ் திருமறையில் பேசும் இடங்களை எடுத்துப் பாருங்கள். அன்னபஃ சூராவில் இரவை ஓர் ஆடையாக ஆக்கியதாகச் சொல்கிறான். அல்கஸஸ் சூராவின் 71, 72ஆம் வசனங்களில் ஒரு கேள்வி கேட்கிறான். கியாமத் நாள் வரை இரவையே நீட்டிவிட்டால் உங்களுக்கு ஒளியைக் கொண்டு வருபவன் யார்? பகலையே நீட்டிவிட்டால் நீங்கள் ஓய்வெடுக்க ஓர் இரவைக் கொண்டு வருபவன் யார்? பல வருடமாக இந்த வசனங்களை ஓதுகிறேன். முதல் கேள்வி எப்போதும் மனதில் தைக்கும். இரண்டாவது கேள்வியில் நான் நின்று யோசித்ததே இல்லை. முடியாத பகல் என்பது நடக்காத ஒன்று என்று கடந்து போய்விடுவேன். அது நடக்கக்கூடியதுதான், ஒரு ஸ்விட்ச் போதும் என்று இப்போது தெரிகிறது. நமக்குக் கீழே உள்ள ஓர் உயிருக்கு நாமே அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

அல்அன்ஆம் சூராவில், பூமியில் ஊர்ந்து திரிபவையும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறான். அதே சூராவில், இரவிலும் பகலிலும் அமைதி கொள்ளும் அனைத்தும் தனக்கே உரியவை என்றும் சொல்கிறான். காசு கொடுத்து வாங்கிய மீன் நம்முடையதுதான். அது கொள்ளும் ஓய்வு அவனுடையது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தூங்கும்போது விளக்குகளை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதைக் கொண்டு வந்து மீனுக்குப் பொருத்திவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்த ஹதீஸிலேயே காரணமும் இருக்கிறது. எலி திரியை இழுத்துப்போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்பதுதான் அந்தக் காரணம். அது தீ விபத்துக்கான எச்சரிக்கை. நமக்குப் பிடித்த முடிவுக்காக ஹதீஸை வளைக்கக் கூடாது.

பொருந்துகிற ஹதீஸ் வேறு இருக்கிறது. நீங்கள் எல்லோரும் கேட்டதுதான், பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸ். அதை எப்போதும் "பூனையைப் பட்டினி போட்டதால் தண்டனை" என்றே சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். நபியவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள புழு பூச்சியைத் தின்றுகொள்ளட்டும் என்று விடவும் இல்லை. இரண்டாவது பகுதிதான் இங்கே முக்கியம். தெருவில் திரிகிற ஒரு பூனைக்கு அவள் சோறு போடாமல் போயிருந்தால் இந்தத் தண்டனைச் செய்தி வந்திருக்காது. அடைத்து வைத்த பிறகு அந்தக் கதை மாறிவிட்டது. தானாகத் தேடிக்கொள்ளும் வழியை எப்போது அடைத்தாளோ, அப்போதே தேவை முழுவதும் அவள் பொறுப்பில் வந்துவிட்டது.

அப்படியானால் கேள்வி இதுதான். அடைத்து வைத்தவர் கொடுக்க வேண்டியது உணவும் தண்ணீரும் மட்டுமா? அல்லது, அடைத்ததால் அது எதையெல்லாம் இழந்ததோ அதையெல்லாமா?

ஃபிக்ஹு நூல்களில் நஃபகா பாடத்தில் கால்நடைகளுக்கான செலவைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ரவ்ளாவில் தேனீயையும் பட்டுப்புழுவையும் கூட விடவில்லை. தேன் எடுப்பவர் கூட்டில் தேனீக்களுக்காகக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பவர் அதற்கு முசுக்கட்டை இலை கிடைக்கச் செய்ய வேண்டும். இலைக்குத் தட்டுப்பாடு வந்து, உரிமையாளரும் கண்டுகொள்ளாமல் விட்டால், அவருடைய பொருளை விற்றாவது இலை வாங்கப்படும். புழுவுக்காக மனிதனுடைய சொத்து விற்கப்படும் என்று எழுதியிருக்கிறார்கள்! மத்ரஸாவில் இதை ஓதும்போது நாங்கள் மாணவர்கள் சிரித்தோம். உஸ்தாத் சிரிக்கவில்லை.

அந்தந்த உயிருக்கு அதனதன் தேவை எதுவோ, அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒட்டகத்துக்குத் தீனி, தேனீக்குக் குளிர்காலத்துக்கான தேன், புழுவுக்கு இலை. கண்ணாடித் தொட்டியும் டியூப் லைட்டும் அவர்கள் காலத்தில் இல்லை. இருந்திருந்தால் மீனுக்கு இருட்டையும் எழுதியிருப்பார்களா? எழுதியிருப்பார்கள் என்றே என் மனம் சொல்கிறது. இது என் கருத்து, ஃபத்வா அல்ல. தொட்டியை மூடாவிட்டால் ஹராம் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

மீன் வளர்ப்பதே கூடாதோ என்று சிலர் நினைக்கலாம். அப்படியும் இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, சின்னப் பிள்ளை அபூ உமைர், ஒரு சிட்டுக் குருவி வைத்து விளையாடியதும், அது செத்துப் போனபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அன்போடு குருவியைப் பற்றி விசாரித்ததும் ஹதீஸில் இருக்கிறது. அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து இப்னுல் காஸ் (ரஹ்) என்ற ஷாஃபிஈ அறிஞர் தனி நூலே எழுதினார். பறவையைக் கூண்டில் வைத்து வளர்க்கலாம் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். வளர்க்கலாம். வளர்ப்பவருக்குக் கடமையும் உண்டு.

நம் இளைஞர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னிடமே சொன்னார்: "ஹஜ்ரத், மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுட்டு ராத்திரி மீனுக்குத் துப்பட்டி போர்த்துறதா?" நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. அறுக்க அனுமதி தந்த அதே மார்க்கம்தான், அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்கு நிம்மதி கொடு என்கிறது. உண்பதற்கான அனுமதி வதைப்பதற்கான அனுமதி ஆகாது. அதோடு, சாப்பிடும் மீனால் எனக்குத் தேவை நிறைவேறுகிறது. இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத தொட்டியின் மீது எரியும் விளக்கால் யாருக்கு என்ன நிறைவேறுகிறது? சும்மா எரிகிறது.

ஓர் அன்ஸாரியின் தோட்டத்துக்குள் நபியவர்கள் நுழைந்தபோது அங்கிருந்த ஒட்டகம் கண்ணீர் விட்டு முனகியது என்று அபூதாவூதில் வருகிறது. அதன் காதோரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, இதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். நீ இதைப் பட்டினி போடுவதாகவும், ஓயாமல் வேலை வாங்குவதாகவும் என்னிடம் முறையிட்டது என்று அந்த வாலிபரிடம் சொன்னார்கள். ஒட்டகத்துக்கு முனகல் இருந்தது. மீனுக்கு அதுவும் இல்லை. அதன் கண்ணீர் இருந்தாலும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். வீட்டுத் தொட்டியைப் பற்றிப் பேசுகிற எனக்கு, நம் பள்ளிவாசல் ஹவ்ழு நினைவுக்கு வர மூன்று நாள் ஆனது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சகோதரர் ஹவ்ழுக்கு நேர் மேலே பெரிய எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கு விளக்குக் கொடுப்பது ஸதகா ஜாரியா என்று அவருக்கு ஆர்வமூட்டியவனும் நான்தான், துஆ செய்தவனும் நான்தான். அன்று முதல் அது மஃரிபுக்கு எரிய ஆரம்பித்தால் ஸுப்ஹு வரை அணைவதில்லை. தஹஜ்ஜுதுக்கு ஒளூச் செய்ய வரும்போது பார்ப்பேன். கெண்டை மீன்கள் எல்லாம் படிக்கட்டின் நிழல் விழும் அந்த ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவு பெரிய ஹவ்ழு காலியாகக் கிடக்கும். குளிருக்கு ஒதுங்கி நிற்கின்றன போல என்று நினைத்துக்கொள்வேன். சித்திரை வெயிலிலும் அப்படியேதான் நின்றன. அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மூதாட்டியின் துப்பட்டி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விளக்குக் கொடுத்த சகோதரரிடம் முன்பே பேசிவிட்டேன். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். முதலில் அவர் முகம் வாடியது. பிறகு, "அப்போ இவ்வளவு நாள் எனக்கு நன்மை எழுதப்பட்டிருக்குமா, இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டார். நிய்யத்துக்கு நன்மை உண்டு என்றேன். அவர் தெரியாமல் கொடுத்தார். நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு என்னிடம்தான் கேட்கப்படும் என்று பயப்படுகிறேன்.

வயதானவர்கள் ஹவ்ழுப் படியில் வழுக்கி விழக்கூடாது. அதுவும் உயிர்தான், அது மீனை விடப் பெரிய ஹக்கு. அதனால் நிர்வாகத்தோடு பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். மேலே உள்ள விளக்கை எடுத்து, படியை மட்டும் பார்க்கும்படி சுவரில் தாழ்வாக மாட்டப்போகிறோம். ஸ்விட்ச் நுழைவாசலில் இருக்கும். இரவில் வருபவர்கள் போட்டுக்கொள்ளலாம், போகும்போது அணைத்துவிட வேண்டும்.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓரிரு வார்த்தை. தொட்டியின் சொந்த விளக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் பாசிதான் பிடிக்கும். அறை விளக்கு எரிய வேண்டியிருந்தால் தொட்டியின் பக்கங்களில் துணியைத் தொங்கவிடுங்கள். மேலே முழுவதும் இறுக்கி மூடிவிடாதீர்கள், காற்றுப் போக இடம் வேண்டும். காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள், அதன் மீது துணி படவும் விடாதீர்கள். கும்மிருட்டில் திடீரென்று பெரிய விளக்கைப் போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும், சில மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும். முதலில் பக்கத்து அறை விளக்கைப் போடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து இதைப் போடுங்கள்.

மனிதனுக்கே தூக்கம் இல்லாத காலத்தில் மீனுக்கு என்ன பயான் என்று யாராவது நினைத்தால், அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சகோதரருக்கு நேற்று பதில் சொல்லும்போது நான் ஒன்று கேட்டேன்: "உம்மா எங்கே படுக்குறாங்க?"

"ஹால்லதான் ஹஜ்ரத்" என்றார்.

அதே ஹாலில், அதே டியூப் லைட்டுக்குக் கீழே. தன் துப்பட்டியை மீன் தொட்டிக்குப் போர்த்திவிட்டு, கையை மடக்கிக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பையனுக்கு ஒரு மேசை விளக்கு வாங்க வேண்டும், எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார்.

நேரமாகிவிட்டது, மோதினார் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஹவ்ழு விளக்கை மாற்றும் வேலை இன்ஷா அல்லாஹ் நாளை ளுஹருக்குப் பிறகு நடக்கும். அந்த நேரத்தில் ஒளூவுக்குக் குழாயைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்துக்கு விடாதீர்கள். சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.