எடுத்துவிட்ட பக்கம்

முதுமையில் ஞாபகம் குன்றியோருக்கென்றே மேனாடுகளில் படக்கதை நூல்கள் வெளிவருகின்றன. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஓரிரு வாக்கியம், எதிரே முழுப்பக்கப் படம். முன்பக்கம் மறந்து போயினும் அடுத்த பக்கம் தன்னளவில் நிறைவுடையதாக இருக்கும். குழந்தைப் புத்தகம் போன்றதொன்றை முதியவர் கையில் கொடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று கேட்போர் உளர். கோயிற் சுவர்களிலே புராணங்களைத் தீட்டிய நம்மவர், படம் பார்த்தல் குழந்தைக்கே உரியதென்று கருதியதில்லை. முதியவரிடம் மழலை மொழி பேசுவதுதான் சிறுமை. நிற்க, இதனினும் கடினமான கேள்வியொன்று இரத்மலானையில் எம்மை எதிர்ப்பட்டது.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 57 மில்லியன் மக்கள் மறதி நோயுற்றிருந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் எம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வோரே. எமது அயலிலும் அத்தகைய அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. இலண்டனிலிருந்து மகள் அனுப்பிய படநூலைச் சற்றே புரட்டிவிட்டு மூடிவைத்தார். இந்நோய் அண்மைக் கால நினைவுகளையே முதலில் அரிக்கும். இளமை நினைவுகள் நெடுநாள் தங்கும். அவருடைய இளமையில் பனி பெய்ததில்லை.

ஆகவே மாணவர் சிலரின் துணையுடன் நாமே ஒரு நூல் செய்தோம். தந்தையார் தொழில் செய்த புகையிரத வேலைத்தளம், 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, காலி வீதியில் அசைந்து வரும் ஆடிவேல் இரதம், இரத்மலானை விமானத்தளம். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது இத்தளத்திலிருந்துதான். சிறுமியாக வேலியோரம் நின்று விமானம் பார்த்த கதையை அம்மையாரே முன்னர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வேல் இரதத்தைக் கண்டு கைகூப்பினார். விமானத்தைக் கண்டதும் எழுந்து சென்று, அலுமாரித் துணிகளை மூட்டையாகக் கட்டலானார். “கப்பல் எப்ப வரும், தம்பி?” என்று மகனைக் கேட்டார். “நாளைக்கு வரும், அம்மா” என்றார் அவர்.

1983 யூலையில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் வீடிழந்த தமிழர் பல்லாயிரவர் அடைக்கலம் புகுந்த முகாம்களுள் இரத்மலானை விமானத்தளமும் ஒன்று. முகாம்களிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றோர் பலர். நாம் வரைந்தது சிறுமி கண்ட விமானம். அவர் கண்டதோ அகதியாய்த் தரையில் படுத்திருந்த நாட்களின் விமானம்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுமாறு மகன் வேண்டினார். நாம் உடனே இணங்கவில்லை. அந்த யூலையை மறக்க விரும்புவோர் இந்நாட்டில் ஏராளம். திருவிழாவும் புகையிரதமும் மட்டுமே கொண்ட படநூல் அவர்களுக்கு மிக உவப்பானது. நோயே அழிக்காத ஒன்றை நாம் அழிப்பதா என்று வாதிட்டோம்.

எமது வாதத்தில் ஒரு பிழை இருந்தது. நினைவுள்ளவர் தம் துன்பத்தைச் சொல்லி முடித்ததும் தம் வீட்டுக் கதிரைக்குத் திரும்பிவிடுகிறார். அம்மையாருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. அவருக்கு அது நினைவன்று. அதே இரவு மீண்டும் வருகிறது. சாட்சி சொல்லும் பொறுப்பை அவர் தலையில் சுமத்துவது, ஞாபகம் உள்ள நாம் நமது கடமையிலிருந்து தப்பிக்கொள்வதற்கு ஒப்பாகும். மகன் சொன்ன ‘நாளைக்கு’ பொய்தான். ‘அப்படியொன்றும் நடக்கவில்லை’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது மன்னிக்க முடியாத பொய்.

பக்கத்தை எடுத்தோம், கிழிக்கவில்லை. அது எமது மேசையில் இருக்கிறது. படத்தை வரைந்த மாணவன், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டான். அவனுக்குச் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதவில்லை.

சிறு விமானங்கள் இப்போதும் கூரைக்கு மேலாக எழும்புகின்றன. சில நாட்களில் அம்மையார் அண்ணாந்து பார்த்துவிட்டு மூட்டை கட்டப் போகிறார். அப்போது நாம் நூலை மூடிவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.