வீட்டுக் கதைக்கும் ஒரு வரிசை

அமாவாசையன்று தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தால் சாஸ்திரிகள் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா பெயரைச் சொல்லிவிடுவோம். தாத்தா பெயரும் வந்துவிடும். கொள்ளுத் தாத்தா என்றதும் பக்கத்தில் இருக்கிற சித்தப்பா முகத்தைப் பார்க்கிறோம். சித்தப்பா அத்தைக்கு போன் போடுகிறார்!

வீட்டில் யாரும் எழுதி வைக்காமலா இருந்தார்கள்? எழுதியிருப்பார்கள். துணிக்கடையில் கொடுத்த டைரியில் பால் கணக்கு, அதற்குக் கீழே பாப்பாவுக்குக் காது குத்திய தேதி, அடுத்த பக்கம் சாம்பார்பொடிக்குச் சாமான் அளவு, அப்புறம் பாட்டி காசிக்குப் போய்வந்த கதையில் பாதி. மீதிக் கதை எந்த டைரியில் இருக்கிறதோ, அந்த விசுவநாதருக்குத்தான் வெளிச்சம். ஆசையாகத்தான் எழுதினார்கள். யாரை வைத்து எழுதுகிறோம் என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

இதைச் சேக்கிழார் பெருமானிடம் கேட்கலாம். அவர் பாடிய பெரியபுராணமும் ஒரு குடும்பத்தின் கதைதான், சிவனடியார் குடும்பம். அவர் கைக்கு வந்தவை என்ன? சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை. 11 பாட்டு, பெரும்பாலும் பெயர்கள். அந்தப் பெயர்களுக்குச் சிறு குறிப்புச் சேர்த்து நம்பியாண்டார் நம்பி பாடிய அந்தாதி. இவற்றோடு ஊர் ஊராக வழங்கிய செய்திகள். 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் இவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரசர், வேடர், குயவர், வணிகர் என்று 63 தனியடியார்கள். பல ஊர், பல காலம். கொஞ்சம் அசந்திருந்தால் நம் வீட்டு டைரி மாதிரி ஆகியிருக்கும்.

அவர் சுந்தரரைப் பிடித்துக்கொண்டார். கயிலையிலிருந்து சுந்தரர் மண்ணுக்கு வருவதில் தொடங்கி, வெள்ளானை ஏறிக் கயிலைக்குத் திரும்புவதில் முடித்தார். மொத்தம் 13 சருக்கம். நடுவில் உள்ள 11 சருக்கங்களுக்கும் சுந்தரரின் 11 பாட்டுகளுடைய தொடக்கச் சொற்களே பெயர். எந்த அடியாரிடம் போனாலும் சுந்தரரிடம் திரும்பிவர வழி இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். சம்பாதித்தவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இருக்கவும் மாட்டார். சண்டை போட்டுக்கொண்ட அண்ணனும் தம்பியும் தனித்தனியாக வந்து யார் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார்களோ, அந்த அத்தையை நடுவில் வையுங்கள். மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

எல்லாருக்கும் சம இடம் தர வேண்டாமா என்று கேட்கிறீர்கள். சேக்கிழார் தரவில்லையே! சம்பந்தருக்கு 1,256 பாட்டு. அப்பருக்கு 429. பத்துப் பாட்டுக்கும் குறைவாகப் பெற்ற நாயன்மாரும் உண்டு. அதனால் அவர்கள் தொண்டு குறைந்துவிடவில்லை.

அதிபத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். நாளும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரே மீன்தான் விழுந்தது. அதையும் விட்டார். சுற்றம் பசியால் வாடியது. ஒருநாள் அந்த ஒற்றை மீன் பொன்னும் மணியுமாக மின்னிக்கொண்டு வந்தது. கூட இருந்தவர்கள் வியந்து நிற்க, அதையும் அலையில் விட்டார். அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை படகு? சேக்கிழார் சொல்லவில்லை. அந்த மீன் போதும் என்று நிறுத்திக்கொண்டார். நாகையில் இன்றும் ஆவணியில் கடலில் தங்கமீன் விடும் விழா நடக்கிறது.

உங்கள் பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு மீன் இருக்கும். அவர் எந்த வருஷம் எந்த ஊருக்கு மாற்றலானார் என்பதெல்லாம் அலுவலகக் காகிதத்தில் கிடக்கட்டும். எதை விடமுடியாத நேரத்தில் எதை விட்டார் என்று விசாரித்து எழுதுங்கள். அதோடு ஊர், பெயர், மறைந்த திதி. திதியை மறக்காதீர்கள், தேதி மட்டும் இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டிவரும்.

பெயரே தெரியாதவர்களை என்ன செய்வது? சுந்தரர் தனியடியார்களோடு நிற்கவில்லை. தொகையடியார் என்று 9 கூட்டத்தாரையும் வணங்கினார். அதில் ஒரு கூட்டம் அப்பாலும் அடிச்சார்ந்தார். தமிழ் நாட்டுக்கும் அவர் காலத்துக்கும் அப்பால் உள்ள அடியார்கள். பிரசவத்துக்கு ஓடிவந்த எதிர்வீட்டு அம்மாள், கல்யாணச் சமையலுக்குக் கடனாக விறகு போட்டவர் என்று நம் வீட்டுக் கதையிலும் நிறையப் பேர் உண்டு. கடைசிப் பக்கங்களை அவர்களுக்கு விட்டு வையுங்கள். பெயர் பிறகு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.